எந்த ஆங்கிலம் நமக்கு முதலில் வேண்டும்?

ஆங்கில அருஞ்சொற்களைப் படிக்கும் ஆவல் நம் மக்களிடையே பெருகி வருகின்றது. நாளுக்குப் பத்துச் சொல் என்று கணக்கு வைத்து மனப்பாடம் செய்யும் பிள்ளைகள் இருக்கிறார்கள். "என் மகன் பாதி அகராதியை விழுங்கிவிட்டான்" என்று பூரித்துப் போகும் பெற்றோரும் இருக்கிறார்கள். இதை நாம் குறை கூறவில்லை. கல்வி எந்த வாசல் வழியாக வந்தாலும் வரவேற்க வேண்டியதே. ஆனால் தொழிலாளத் தோழர்களிடம் ஒரு கேள்வியைக் கேட்காமல் இருக்க முடியவில்லை. இத்தனை ஆயிரம் சொற்களில் எதை முதலில் படிப்பது?

வாயாடி என்பதற்கு ஆங்கிலத்தில் ஐந்து சொல் சொல்லத் தெரிந்த பிள்ளை, தன் தகப்பனாருக்குத் தோட்ட ஆபீசிலிருந்து வந்த கடிதத்தில் 'ரிட்ரெஞ்ச்மெண்ட்' என்ற சொல்லைக் கண்டு விழிக்கிறான் என்றால், அந்தப் படிப்பில் எங்கோ வரிசை தவறியிருக்கிறது. அந்த ஒரு சொல்லுக்குள் தகப்பனாரின் இருபதாண்டு உழைப்பும், குடியிருக்கும் வீடும், அடுத்த மாதத்து அரிசியும் அடங்கிக் கிடக்கின்றன. அது தெரியாமல் மற்றவை தெரிந்து என்ன பயன்?

நம் கருத்து இதுதான். நம் வயிற்றைத் தொடும் சொற்களே நமக்கு முதற்பாடம். சம்பளச் சீட்டிலும், நோட்டீசிலும், ஒப்பந்தத்திலும், கையெழுத்துக் கேட்டு நீட்டப்படும் தாளிலும் உள்ள சொற்களை முதலில் அறிவோம். அவற்றின் பொருளைத் தமிழில் அறிவோம். அறிந்த பின்பே கையெழுத்திடுவோம்.

நம்மால் முடியாததா?

"பால் மரம் வெட்டுகிறவனுக்கு ஆங்கிலம் வருமா?" என்று கேட்பவர்கள் உண்டு. வெளியார் கேட்டால் பொறுத்துக்கொள்ளலாம், நம்மவரே கேட்கிறார்கள். அவர்களுக்கு நாம் பால் ஸ்டோரைத்தான் காட்டுவோம்.

'மெட்ரோலாக்' என்ற சொல் எளிதான சொல்லா? பள்ளிக்கூடத்து வாசலைக்கூட மிதிக்காத நம் தாய்மார்களுக்கு அதன் பொருள் தெரியும். பாலில் அந்தக் கருவியை மிதக்கவிட்டு, அதில் ரப்பர் எவ்வளவு, தண்ணீர் எவ்வளவு என்று மதிப்பிடுகிறார்கள். வாளியின் எடையோடு இந்தக் கணக்கும் சேர்ந்துதான் கூலி என்று அவர்கள் அறிவார்கள். கருவி காட்டும் எண்ணை எட்டிப் பார்த்து, "நேற்று மழையே இல்லையே, ஏன் இறங்கியிருக்கிறது?" என்று கேட்டவர்கள் அவர்கள். அகராதியைப் புரட்டியா அந்தச் சொல்லைக் கற்றார்கள்? இல்லை. கூலி அதில் தொங்கியதால் கற்றார்கள். 'செக்ரோல்' அப்படியே வந்தது. 'லைன்' லயன் ஆயிற்று. மருந்து கொடுப்பவர் 'டிரசர்' ஆனார். தேவை வந்தால் எந்தச் சொல்லும் நம் நாவுக்கு அடங்கும்.

துரைமார்கள் செய்ததையும் எண்ணிப் பாருங்கள். இங்கிலாந்திலிருந்தும் ஸ்காட்லாந்திலிருந்தும் வந்த தோட்ட நிர்வாகிகள் தமிழ் படித்தார்கள். 1915-ஆம் ஆண்டில் இலங்கையில், தேயிலை, ரப்பர்த் தோட்டத்து நிர்வாகிகளுக்கென்றே 'கூலித் தமிழ்' என்ற பெயரில் ஒரு கையேடு வெளிவந்தது. அவர்கள் சங்கப் பாட்டில் தொடங்கவில்லை. வேலை வாங்குவதற்கு எந்தச் சொல் வேண்டுமோ அதில் தொடங்கினார்கள். அவர்களுக்கு அது வேலை வாங்கும் ஆங்காரத்துக்கு உதவியது என்பது வேறு விஷயம். முறை மட்டும் சரியான முறை. வேலை வாங்குகிறவன் வேலைக்கான சொல்லை முதலில் படித்தான். வேலை செய்கிறவன் தன் உரிமைக்கான சொல்லை முதலில் படிக்க வேண்டாமா?

நான்கு வாசல்கள்

ஒரு தொழிலாளி வேலையை விட்டு வெளியேற நான்கு வாசல்கள் உண்டு. வெளியே நின்று பார்ப்பவனுக்கு நான்கும் ஒன்றுதான்: "வேலை போயிற்று." ஆனால் எந்த வாசல் வழியாகப் போனான் என்பதைப் பொறுத்தே அவன் கையில் காசு வரும், அல்லது வராது.

முதல் வாசல் 'ரிசிக்னேஷன்'. தானாக வேலையை விட்டு விலகுவது. இரண்டாவது 'ரிடையர்மெண்ட்'. வயது முதிர்ந்து ஓய்வு பெறுவது. 2012-ஆம் ஆண்டுச் சட்டம் குறைந்தபட்ச ஓய்வு வயதை 60 என்று வைத்து, 2013 ஜூலை முதல் அமலுக்கு வந்தது. மூன்றாவது 'டிஸ்மிஸ்ஸல்'. குற்றம் சாட்டி நீக்குவது. நான்காவது 'ரிட்ரெஞ்ச்மெண்ட்'. நம்மீது குற்றம் ஏதுமில்லாமல், வேலை குறைந்துவிட்டது என்றோ தோட்டம் கைமாறுகிறது என்றோ ஆட்களைக் குறைப்பது. தமிழில் ஆட்குறைப்பு என்கிறோம். வெட்டிக் குறைத்தல் என்று பொருள்படும் பழைய பிரெஞ்சுச் சொல்லிலிருந்து அது வந்தது. கவாத்துக் கத்திக்குச் செடியின் மீது கோபமில்லை. ஆனாலும் கிளை விழுந்துவிடுகிறது.

1980-ஆம் ஆண்டின் பணி நிறுத்தச் சலுகை விதிமுறைகளைப் பாருங்கள். குறைந்தது 12 மாதம் வேலை செய்தவரை ஆட்குறைப்புச் செய்தால், இரண்டாண்டுக்குக் குறைந்த சேவைக்கு ஆண்டுக்கு 10 நாட் சம்பளம். இரண்டு முதல் ஐந்தாண்டு வரை என்றால் ஆண்டுக்கு 15 நாட் சம்பளம். ஐந்தாண்டும் அதற்கு மேலும் என்றால் ஆண்டுக்கு 20 நாட் சம்பளம். இருபத்திரண்டு ஆண்டு உழைத்தவருக்குக் கணக்குப் போடுங்கள்: 440 நாட் சம்பளம்! இதுவன்றி, முன்னறிவிப்பும் உண்டு. 1955-ஆம் ஆண்டு வேலைவாய்ப்புச் சட்டப்படி, இப்படி ஆட்குறைப்பு நேரும்போது சேவைக் காலத்தைப் பொறுத்து நான்கு, ஆறு, எட்டு வாரங்களுக்குக் குறையாத நோட்டீஸ் தர வேண்டும்.

இதே தொழிலாளி, "எல்லாருக்கும் ஒரே தாள்தான், போடு" என்று நீட்டப்பட்ட தாளில் கையெழுத்திட்டார். அந்தத் தாளில் 'ஐ ரிசைன்' என்று எழுதியிருந்தது என்று வைத்துக்கொள்வோம். தானாக விலகியவருக்கு அந்த 440 நாட் சம்பளம் இல்லை. "என்னை வற்புறுத்தி வாங்கினார்கள்" என்று பின்னால் வாதாடலாம். மெய்ப்பிக்கும் சுமை அவர் தலையில் விழும். இரண்டு எழுத்து மாறினால் பொருள் மாறுவது தமிழிலும் உண்டு. ஆனால் ஒரு சொல் மாறியதால் 440 நாள் கூலி மறைவது இந்தத் தாளில்தான்.

மூன்றாவது வாசலாகிய 'டிஸ்மிஸ்ஸல்' பற்றியும் ஒன்று சொல்ல வேண்டும். அதற்கு முன் 'ஷோ காஸ்' கடிதம் வரும். காரணம் காட்டு என்று பொருள். அதைக் கண்டதும் வேலை போய்விட்டது என்று அழுகிறவர்கள் இருக்கிறார்கள். குப்பையில் எறிகிறவர்களும் இருக்கிறார்கள். இரண்டும் தவறு. அது தீர்ப்பு அன்று, கேள்வி. கேள்விக்குப் பதில் எழுத வேண்டும். அடுத்து வருவது 'டொமெஸ்டிக் இன்குவயரி'. 'டொமெஸ்டிக்' என்பதற்கு அகராதியில் வீட்டுக்குரியது என்றிருக்கும். அதைப் பார்த்துவிட்டு, நம் குடும்ப விஷயத்தை ஏன் விசாரிக்கிறார்கள் என்று கேட்டால் சிரிப்பதற்கில்லை. நிறுவனத்துக்குள்ளேயே நடக்கும் விசாரணை என்பதே அதன் பொருள். விசாரணைக்காகத் தொழிலாளியை இரண்டு வாரத்துக்கு மேல் தள்ளி வைக்கக் கூடாது; தள்ளி வைத்த காலத்தில் பாதிச் சம்பளமாவது தர வேண்டும்; குற்றம் இல்லையென்று தெரிந்தால் மீதிப் பாதியும் வர வேண்டும். இதுவும் அதே 1955-ஆம் ஆண்டுச் சட்டம்தான்.

நியாயமின்றி நீக்கப்பட்டதாக நினைத்தால், 1967-ஆம் ஆண்டுத் தொழில் உறவுச் சட்டத்தின் 20-ஆவது பிரிவின்கீழ் மீண்டும் வேலை கேட்டு முறையிடலாம். அதற்கு 60 நாள்தான் தவணை. கடிதத்தை அலமாரியில் வைத்துவிட்டுப் பெரிய மகன் கோலாலம்பூரிலிருந்து வரட்டும், படித்துச் சொல்லட்டும் என்று காத்திருந்தால், நாட்கள் நமக்காகக் காத்திருக்குமா?

இனிக்கும் சொற்கள்

கடுமையான சொல்லைக் கண்டால் நாம் எச்சரிக்கையாகிவிடுகிறோம். இனிக்கும் சொல்லில்தான் வழுக்கி விழுகிறோம்.

'எக்ஸ் கிரேஷியா' என்ற சொல்லைப் பாருங்கள். லத்தீன் மொழிச் சொல். அருளினால் தருவது என்று பொருள். முதலாளி அருளினால் தருகிறார் என்றால், உரிமையினால் தரவில்லை என்று அர்த்தம். சட்டப்படி நமக்குச் சேர வேண்டிய தொகை வேறு. அதன் மேல் மனமுவந்து தரும் தொகை வேறு. முன்னதைத் தந்துவிட்டுப் பின்னதையும் தந்தால் நன்றி சொல்லலாம். முன்னதையே பின்னதின் பெயரால் தந்தால்? சொந்தப் பணத்தை வாங்கிக்கொண்டு கும்பிடு போட்டுவிட்டு வருவோம். தொகை எவ்வளவு என்று மட்டும் பார்க்காமல், எந்தப் பெயரில் வருகிறது என்றும் பார்க்க வேண்டியது இதனால்தான்.

'புல் அண்ட் பைனல் செட்டில்மெண்ட்' என்பது இன்னொன்று. முழுமையான, இறுதியான கணக்குத் தீர்வு. இதன் கீழே கையெழுத்திட்டால், "இனி எனக்கு வர வேண்டியது எதுவுமில்லை" என்று நாமே எழுதிக் கொடுத்ததாக எடுத்துக்காட்டுவார்கள். கணக்கைச் சரிபார்த்தோமா, விடுமுறைப் பணம் சேர்ந்ததா, நோட்டீஸ் சம்பளம் சேர்ந்ததா என்று பாராமல் அந்தத் தாளைத் தொடக் கூடாது.

'வித்அவுட் பிரஜுடிஸ்' என்று கடிதத்தின் தலைப்பில் இருக்கும். பலர் இதை மரியாதைச் சொல் என்று நினைக்கிறார்கள். சமாதானம் பேசும்போது எழுதும் கடிதம் இது. பேச்சு முறிந்தால், இதில் ஒப்புக்கொண்டதை வழக்கில் சாட்சியாகக் காட்டக் கூடாது என்ற ஏற்பாடு. ஆகவே அந்தத் தலைப்பின் கீழ் வந்த வாக்குறுதியை, "துரை எழுத்திலேயே கொடுத்துவிட்டார்" என்று நம்பி உட்கார்ந்துவிடக் கூடாது.

நம் காலத்தில் எல்லாவற்றிலும் பெரிய சொல் 'வேக்கண்ட் பொசெஷன்'. பேராக்கில் பால் மரங்கள் சாய்ந்து செம்பனை எழுந்ததையும், செம்பனையும் சாய்ந்து வீடமைப்பு எழுவதையும் நாம் பார்த்து வருகிறோம். தோட்டத்தை விற்பவரும் வாங்குபவரும் எழுதிக்கொள்ளும் பத்திரத்தில் இந்த இரண்டு சொற்களும் இருந்தால், நிலத்தை ஆளில்லாமல் காலியாக ஒப்படைக்க வேண்டும் என்று பொருள். காலி என்றால் எது காலி? நாம் பிறந்த லயன். நம் பிள்ளைகள் ஓடிய திடல். நம்மைக் கேட்காமல், நம் கையெழுத்து இல்லாமல், இரண்டு சொற்களில் நம் வீடு காலியாகிவிடுகிறது. லாரி வந்து நின்ற பிறகு அதன் பொருளைத் தெரிந்துகொள்வதைவிட, தோட்டம் விலைபேசப்படுகிறது என்ற செய்தி காதில் விழுந்த அன்றே, "காலி செய்து தருவதாக எழுதியிருக்கிறார்களா?" என்று சங்கத்தின் மூலம் கேட்பது அறிவுடைமை.

சின்னச் சொற்களின் பெரிய வேலை

நீளமான சொல்தான் கடினம் என்று எண்ணுவது மயக்கம். ஒப்பந்தங்களில் நம்மை ஏமாற்றுபவை பெரும்பாலும் சின்னஞ்சிறு சொற்களே.

'ஷல்' என்றால் செய்தே தீர வேண்டும். 'மே' என்றால் செய்யலாம், செய்யாமலும் இருக்கலாம். "நிர்வாகம் வீடு பழுது பார்க்க 'ஷல்'" என்றால் அது கடமை. அதே இடத்தில் 'மே' என்றிருந்தால் அது நிர்வாகத்தின் விருப்பம். கூரை ஒழுகும்போது இந்த வித்தியாசம் தலையில் சொட்டும்.

'சப்ஜெக்ட் டு' என்றால் உட்பட்டு என்று பொருள். "போனஸ் உண்டு" என்று வாக்கியம் தொடங்கும். "லாபத்துக்கு உட்பட்டு" என்று முடியும். முன்பாதியைப் படித்துவிட்டுக் கடையில் கடன் சொல்லாதீர்கள்.

'டீம்ட்' என்பது மிகவும் ஆபத்தான சொல். அப்படி நடந்ததாகவே கருதப்படும் என்று பொருள். முன் அனுமதி இல்லாமல், இரண்டு வேலை நாட்களுக்கு மேல் தொடர்ந்து வராமல் இருந்து, தகுந்த காரணமும் இல்லாமல், தெரிவிக்கவும் முயலாமல் இருந்தால், தொழிலாளி ஒப்பந்தத்தை முறித்துவிட்டதாகக் 'கருதப்படுவார்' என்கிறது சட்டம். நாம் முறிக்கவில்லையே என்று கதறிப் பயனில்லை. காய்ச்சலில் படுத்தாலும், இழவு வீட்டுக்குப் போனாலும், ஒரு வார்த்தை சொல்லி அனுப்புவது நம்மைக் காக்கும்.

'நாட் லெஸ் பேவரபுள்' என்ற தொடரையும் கற்றுக்கொள்ளுங்கள். முன்பு இருந்ததைவிடக் குறையாத நிபந்தனை. தோட்டம் கைமாறும்போது புதிய உரிமையாளர் ஏழு நாட்களுக்குள், குறையாத நிபந்தனையில் வேலை தர முன்வந்து, நாம் காரணமின்றி மறுத்தால் சலுகைப் பணம் கிடையாது. முன்வரவில்லை என்றால் சலுகைப் பணம் நமக்கு உரியது. ஆகவே புதிய துரை வந்து "எல்லாரும் வேலைக்கு வரலாம்" என்றால், "எந்த நிபந்தனையில்?" என்று கேட்கும் நாக்கு நமக்கு வேண்டும்.

பேராக் தரும் பாடம்

சொல்லின் பொருள் மக்களுக்குத் தெரிந்தால் என்ன நடக்கும் என்பதற்கு நம் வரலாற்றிலேயே சான்று உண்டு.

1950-களில் வெள்ளைக்காரக் கம்பெனிகள் பெரிய தோட்டங்களை விற்றன. வாங்கியவர்கள் அவற்றைத் துண்டு துண்டாகப் பிரித்து விற்றார்கள். 1951 முதல் 1960 வரை நடந்த இந்தப் பிரிவினையைப் பேராசிரியர் உங்கு அஜீஸ் ஆராய்ந்து நூலாக்கினார். ஆங்கிலத்தில் இதற்கு 'பிராக்மெண்டேஷன்', 'சப்டிவிஷன்' என்று பெயர். அந்தச் சொற்கள் அறிக்கைகளுக்குள்ளேயே கிடந்திருந்தால் எத்தனை பேருக்குப் புரிந்திருக்கும்? தமிழில் அதைத் 'தோட்டத் துண்டாடல்' என்றார்கள். துண்டாடல் என்றதும் கிழவிக்கும் புரிந்தது. துண்டாவது நிலம் மட்டுமல்ல, நாமும்தான் என்று புரிந்தது. 1960-இல் சுங்கை சிப்புட் தந்த தலைவர் துன் வீ. தி. சம்பந்தன் தேசிய நில நிதிக் கூட்டுறவுச் சங்கத்தைத் தொடங்கியபோது, பால் வெட்டுத் தொழிலாளர்கள் சிறுகச் சேர்த்த பணத்தைக் கொண்டுவந்து கொடுத்தார்கள். மறு ஆண்டே கெடாவில் புக்கிட் சீடிம் தோட்டம் தொழிலாளர் பணத்தில் வாங்கப்பட்டது. பணம் கொடுத்தவர்கள் பொருளாதாரம் படித்தவர்கள் அல்லர். தமக்கு என்ன நேர்கிறது என்பதைத் தம் மொழியில் ஒரே சொல்லாக அறிந்தவர்கள்.

இன்று நம்மைச் சூழும் 'வேக்கண்ட் பொசெஷன்', 'எக்ஸ் கிரேஷியா' என்ற சொற்களுக்கும் அப்படிப்பட்ட தமிழ் வேண்டும். லயத்துத் திண்ணையில் பேசக்கூடிய தமிழ் வேண்டும். அதுவரை அவை நமக்கு மந்திரச் சொற்கள்தாம். மந்திரம் மற்றவர் கையில்.

மறுப்போர்க்கு விடை

"தமிழன் தமிழைப் படிக்கட்டும், ஆங்கிலம் எதற்கு?" என்பார் சிலர். தமிழை விட்டுவிட்டு ஆங்கிலம் படி என்று நாம் சொல்லவில்லை. அயல் சொல்லின் பொருளைத் தமிழில் நிறுத்து என்கிறோம். தாய்மொழியில் பொருள் விளங்காத சொல் வாடகை வீடு போன்றது. எப்போது காலி செய்யச் சொல்வார்களோ தெரியாது.

"1967 முதல் மலாய் மொழியே ஒரே அதிகாரத்துவ மொழி, பிள்ளைகளும் இடைநிலைப் பள்ளியில் மலாயில்தானே படிக்கிறார்கள்?" என்று கேட்பார் வேறு சிலர். நியாயமான கேள்வி. மலாய்ச் சொற்களையும் அதே பட்டியலில் சேருங்கள். 'பெம்பெர்ஹெந்தியான்' என்றால் பணி நிறுத்தம். 'பம்பாசான்' என்றால் இழப்பீடு. கடிதம் எந்த மொழியில் வந்தாலும் அது பறிக்கும் சோறு ஒன்றுதான்.

"ஆங்கிலம் துரைமார் மொழி" என்பாரும் உண்டு. துரைமாரின் மொழி மட்டுமன்று, தோழர்களே! வேலை நிறுத்தத்துக்கு ஆங்கிலத்தில் 'ஸ்ட்ரைக்' என்கிறோமே, அது எங்கிருந்து வந்தது? 1768-இல் லண்டன் துறைமுகத்து மாலுமிகள் கூலிக்காகப் போராடியபோது கப்பற்பாய்களை இறக்கிக் கப்பல்களை நிறுத்திவிட்டார்கள். பாயை இறக்குவதற்கான சொல்லே வேலை நிறுத்தத்துக்குப் பெயராயிற்று. 'பாய்காட்' என்பது ஓர் ஆளின் பெயர். 1880-இல் அயர்லாந்தில் நிலப்பிரபுவின் ஏஜெண்டாக இருந்த கேப்டன் பாய்காட் என்பவருக்குக் குடியானவர்களும் கூலியாட்களும் வேலை செய்ய மறுத்தார்கள். கடைக்காரர்களும் சாமான் தர மறுத்தார்கள். அவர் பெயரே ஒதுக்கி வைத்தலுக்கு வினைச்சொல்லானது. உழைப்பவன் போராடினால் அகராதியும் திருந்துகிறது. நம் 'கூலி'யும் ஆங்கில அகராதியில் ஏறியிருக்கிறது. அது தமிழிலிருந்து போனது என்று அறிஞர் பலர் கூறுவர். உழைப்புக்குரிய ஊதியத்தின் பெயராக இருந்த சொல், அங்கே போனதும் உழைப்பவனை இழிக்கும் பெயராகிவிட்டது. சொல்லைப் பிறர் கையில் விட்டால் இப்படித்தான் ஆகும்.

"சங்கம் இருக்கிறதே, தலைவர்கள் பார்த்துக்கொள்ள மாட்டார்களா?" என்பது கடைசிக் கேள்வி. பார்த்துக்கொள்வார்கள். ஆனால் கையெழுத்து விழும் நேரத்தில் தலைவர் அங்கே இருப்பதில்லை. நாம்தான் இருக்கிறோம்.

கிராணிமார்களுக்கு ஒரு சொல்

ஆபீசுக்கு வரும் சொற்கள் முதலில் நம் மேசைக்குத்தான் வருகின்றன. நோட்டீசைத் தட்டெழுதுகிறவர் நாம். பெயர் கூப்பிட்டுக் கொடுக்கிறவர் நாம். "இங்கே போடு" என்று விரலால் காட்டுகிறவரும் நாம். கிராணியாருக்கு நாலு எழுத்து அதிகம் தெரியும் என்ற மதிப்பு தோட்டத்தில் இருந்தது. இன்றும் ஓரளவு இருக்கிறது. அந்த மதிப்பைக் காப்பாற்றச் சொற்களைப் பூட்டி வைத்தால், நாம் பூட்டுக்குக் காவலாள் ஆகிறோமே தவிர அறிவாளி ஆவதில்லை.

"இங்கே போடு" என்பது மொழிபெயர்ப்பாகாது. தாளில் உள்ளதை முழுவதும் வாசித்துச் சொல்ல வேண்டும். "ஒன்றுமில்லை, வழக்கமான தாள்தான்" என்று சுருக்கக் கூடாது. நமக்கே பொருள் தெளிவில்லாத இடத்தில், "இதைச் சங்கத்தில் கேட்டுவிட்டுப் போடுங்கள்" என்று சொல்லத் தயங்கக் கூடாது. நிர்வாகத்தின் சம்பளம் வாங்குகிறோம்; உண்மைதான். கணக்கைச் சரியாக எழுதுவதற்குத்தான் சம்பளம். பொருளை மறைப்பதற்கு அன்று. அன்றியும், தோட்டம் விற்கப்படும் நாளில் கிராணியாருக்கும் அதே கடிதம் வரும். அதே நான்கு வாசல்கள்தாம் அவருக்கும்.

எப்படிப் படிப்பது?

சொல்வது எளிது, செய்வது எப்படி என்று கேட்பீர்கள். நாம் சொல்லும் வழி செலவில்லாத வழி.

ஒரு நாற்பது பக்க நோட்டு. பக்கத்துக்கு மூன்று பத்தி: ஆங்கிலச் சொல், மலாய்ச் சொல், தமிழ்ப் பொருள். அதன் கீழே அந்தச் சொல் வந்த வாக்கியம். வாரத்துக்கு ஐந்து சொல் போதும். ஓர் ஆண்டில் 250-ஐத் தாண்டும். வேலை சம்பந்தமான தாள்களில் திரும்பத் திரும்ப வரும் சொற்களில் பெரும்பகுதி அதற்குள் அடங்கிவிடும்.

சொற்களை எங்கோ தேட வேண்டாம். சம்பளச் சீட்டு, நோட்டீஸ் பலகை, கூட்டு ஒப்பந்தம், மருத்துவ விடுப்புச் சீட்டு ஆகியவற்றிலிருந்து எடுங்கள். நம் பாடநூல் நம் சட்டைப்பையிலேயே இருக்கிறது.

அகராதியில் முதலில் இருக்கும் பொருளைப் பிடித்துக்கொண்டு ஓடாதீர்கள். 'பைன்' என்றால் நன்று என்றும் பொருள். அபராதம் என்றும் பொருள். 'டிஸ்சார்ஜ்' ஆஸ்பத்திரியில் நல்ல செய்தி. ஆபீசில் கெட்ட செய்தி. தமிழ்ப் பள்ளியிலிருந்து இடைநிலைப் பள்ளிக்குப் போன பிள்ளைகள் ஓராண்டு உட்கார்ந்த புகுமுக வகுப்புக்கு ஆங்கிலத்தில் 'ரிமூவ்' என்று பெயர். அகராதியை மட்டும் நம்பினால் பிள்ளையைப் பள்ளியிலிருந்து நீக்கிவிட்டார்கள் என்றல்லவா எண்ண வேண்டிவரும்! சொல்லை வாக்கியத்தோடு படிக்க வேண்டும் என்பது இதற்காகத்தான்.

சொற்களைக் குடும்பம் குடும்பமாகப் படியுங்கள். 'எம்ப்ளாய்' என்ற ஒன்றைக் கற்றால், வேலை கொடுப்பவர், வேலை செய்பவர், வேலை, வேலையின்மை ஆகிய நான்குக்கும் சொல் கிடைத்துவிடும். கொடுப்பவருக்கும் செய்பவருக்கும் ஆங்கிலத்தில் வால்தான் வேறு; அந்த வாலைக் கவனிக்காவிட்டால் யார் யாருக்குக் கொடுக்க வேண்டும் என்பதே தலைகீழாகிவிடும்.

தனியாகப் படிக்காதீர்கள். கோயில் மண்டபமோ பாலர் பள்ளிக் கூடமோ, வாரத்தில் ஒரு மாலை, ஒரு மணி நேரம் கூடுங்கள். பிள்ளைகள் உச்சரிப்பைச் சொல்லட்டும்; பெரியவர்கள் அந்தச் சொல்லால் தோட்டத்தில் என்ன நடந்தது என்று சொல்லட்டும். பிள்ளைக்குச் சொல் தெரியும், விஷயம் தெரியாது. தகப்பனுக்கு விஷயம் தெரியும், சொல் தெரியாது. இரண்டும் ஒரே திண்ணையில் உட்கார்ந்தால் அதுவே பள்ளிக்கூடம்.

நாம் கேட்பது

தொழிலாளி தன் பங்கைச் செய்வான். மற்றவர்களிடம் நாம் கேட்பதும் சில உண்டு.

நிர்வாகங்களைக் கேட்கிறோம்: கையெழுத்து வேண்டி நீட்டும் எந்தத் தாளுக்கும், தொழிலாளி படிக்கத் தெரிந்த மொழியில் பொருள் இணைத்துக் கொடுங்கள். இன்று நம்மோடு வேலை செய்யும் இந்தோனேசிய, வங்காளதேச, நேப்பாளத் தோழர்களுக்கும் அவரவர் மொழியில் கொடுங்கள். தாளை வீட்டுக்கு எடுத்துப் போய்ப் பார்த்துவர அவகாசம் கொடுங்கள். நேர்மையான தாளுக்கு ஓர் இரவு தாமதம் கேடு செய்யாது.

தொழிற்சங்கத்தைக் கேட்கிறோம்: கூட்டு ஒப்பந்தத்தின் அருஞ்சொற்களுக்குத் தமிழ்ப் பொருள் பட்டியல் ஒன்றை அச்சிட்டுக் கிளைதோறும் அனுப்ப வேண்டும். இந்த ஏட்டிலும் இதழுக்கு ஐந்து சொல் வீதம் வெளியிட வேண்டும். 1954-இல் ஐந்து சங்கங்கள் ஒன்றுசேர்ந்து தோட்டத் தொழிலாளருக்கு ஒரு தேசியச் சங்கத்தை உண்டாக்கின. ஐந்து சங்கங்களை இணைக்க முடிந்த நமக்கு, ஐந்து சொற்களைப் பொருளோடு இணைக்க முடியாதா?

தொழிலாளத் தோழர்களைக் கேட்பது ஒன்றுதான். "புரியவில்லை" என்று சொல்ல வெட்கப்படாதீர்கள். புரியாமல் போட்ட கையெழுத்துக்குத்தான் வாழ்நாள் முழுவதும் வெட்கப்பட வேண்டியிருக்கும். பொருள் விளங்கும் வரை பேனா சட்டைப்பையிலேயே இருக்கட்டும்.